கேட்டது ஒரு கார், வந்தது வேறு கார்: மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்திற்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமை ஆணையர் அவர்களுக்கும் ஆணையர்களுக்கும்,

வணக்கம்.

ஷோரூமில் நிற்கும் காரை எடுத்துச் செல்லாமல், தமக்கு வேண்டிய இன்ஜின், கியர், வண்ணம், பாதுகாப்பு வசதிகள் ஆகியவற்றைத் தாமே தேர்ந்து, முன்பணம் கட்டி, தொழிற்சாலையிலிருந்து வண்டி வரும்வரை காத்திருந்து வாங்குகிறவர்கள் இன்று ஏராளம். அப்படிக் காத்திருந்தவரிடம் அவர் கேட்காத வேறொரு கார் ஒப்படைக்கப்பட்டால், தவறு முழுவதும் விற்பனையாளருடையதாகவே இருந்தாலும், அதைத் திருப்பிக் கொடுக்க நடைமுறையில் அவருக்கு வழியே இல்லை. வாங்குபவர் தன் காரை முதன்முதலாகக் கண்ணால் பார்ப்பதற்குள் அது அவர் பெயரில் பதிவாகிவிடுவதே இதற்குக் காரணம். இந்த ஒன்றைத் தாங்கள் மாற்ற வேண்டும் என்று கேட்கவே இந்த மடலை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால் விளங்கும். கோத்தகிரியில் வசிக்கும் என் அப்பாவுக்கு இடது முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. இனிக் கிளட்ச் மிதிக்க வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டதால் ஆட்டோமேட்டிக் கார் வாங்க முடிவு செய்தோம். நாங்கள் பார்த்த மாடலில் ஏ.எம்.டி., டி.சி.டி. என இருவகை உண்டு. ஏ.எம்.டி. என்பது சாதாரண மேனுவல் கியர்பெட்டியில் கிளட்சையும் கியரையும் இயக்கும் கருவியைப் பொருத்தியது. கியர் மாறும் ஒவ்வொரு முறையும் இழுவை ஒரு கணம் அறுந்து மீண்டும் வரும். டி.சி.டி.யில் இரண்டு கிளட்ச் இருப்பதால் அந்த இடைவெளி ஏறத்தாழத் தெரியாது. சமவெளியில் ஓட்டுகிறவருக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் மலைப்பாதையில், கொண்டை ஊசி வளைவில், முன்னால் பேருந்து நின்று நின்று போகும்போது, எழுபதை நெருங்கும் ஒருவருக்கு அந்த ஒரு கணம் பெரியது. இரண்டையும் ஓட்டிப் பார்த்துத்தான் அப்பா டி.சி.டி.யைத் தேர்ந்தார், அதற்காகக் கூடுதல் விலைக்கும் கூடுதல் காத்திருப்புக்கும் ஒப்புக்கொண்டார்.

டெலிவரி நாளன்று காருக்குச் சிவப்புத் துணி போர்த்தி, ரிப்பன் கட்டி, கேக் வைத்து, பெரிய அட்டைச் சாவியை அப்பாவின் கையில் கொடுத்துப் புகைப்படம் எடுத்தார்கள். அவர் இருக்கையில் அமர்ந்து கியர் லீவரைப் பார்த்தார். அதில் ஆர், என், ஏ, எம் என்ற எழுத்துகள் இருந்தன; நிறுத்தும்போது போட வேண்டிய பி என்ற எழுத்து இல்லை. ஓட்டிப் பார்த்த டி.சி.டி.யில் அது இருந்தது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. “இது நான் கேட்ட வண்டி இல்லையே தம்பி” என்று அவர் சொன்னதற்கு, “ரெண்டும் ஆட்டோமேட்டிக்தான் சார், கிளட்ச் கிடையாது” என்று விற்பனைப் பிரதிநிதி பதில் சொன்னார். ஆர்டர் படிவத்தை வாங்கிப் பார்த்தால், மாடலின் பெயருக்குப் பக்கத்தில் கையால் ‘ஆட்டோ’ என்று மட்டும் எழுதியிருந்தது. கணினியில் ஏற்றியவர் அதை ஏ.எம்.டி. என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். விலை வித்தியாசம் சீட் கவர், தரைவிரிப்பு, கோட்டிங் என்ற பெயர்களில் சரிக்கட்டப்பட்டிருந்த இன்வாய்ஸ், மற்ற காகிதங்களோடு சேர்த்து அன்றைக்குத்தான் எங்கள் கைக்கு வந்தது.

மனிதர்கள் வேலை செய்யும் இடத்தில் தவறு நேரும் என்பதை நான் ஏற்கிறேன். அந்தத் தவறைத் திருத்த முடியாதபடி அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டிருந்ததைத்தான் ஏற்க முடியவில்லை. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அப்பாவின் பெயரில் பதிவு முடிந்து, உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டும் பொருத்தப்பட்டிருந்தது. 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை விலையுள்ள காருக்கு தமிழ்நாட்டில் விதிக்கப்படும் 18 விழுக்காடு ஆயுள் வரியைக் கட்டியாயிற்று. பதிவுச் சான்றில் வங்கியின் கடன் அடமானம் ஏறிவிட்டது, ஷோரூமே எடுத்துக் கொடுத்த இன்சூரன்ஸும் தொடங்கிவிட்டது. திருப்பி எடுக்கச் சொன்னபோது, ‘பதிவான வண்டி செகண்ட் ஹேண்ட் கணக்கில் போய்விடும், தேய்மானத்தைக் கழித்துக்கொண்டுதான் எடுக்க முடியும்’ என்று மேலாளர் சொன்னார். அதற்கு மாற்றாக நீட்டித்த வாரண்டியும் இலவச சர்வீஸும் தருவதாகச் சொன்னார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தபின் தயாரிப்பு நிறுவனத்திடமிருந்து வந்த பதிலில், விற்பனையாளர் தனி நிறுவனம் என்பதால் அவரையே அணுகவும் என்று இருந்தது.

பதிவு முதலில், ஒப்படைப்பு பிறகு என்ற இந்த வரிசை எப்படி உண்டானது என்பதையும் சொல்ல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 2019இல் திருத்தப்பட்டபோது, புதிய வாகனத்தின் பதிவுக்கு விண்ணப்பிக்கும் பொறுப்பு 41ஆம் பிரிவின்படி விற்பனையாளரிடம் தரப்பட்டது. பதிவு எண் பொருத்தப்படாமல் வாகனத்தை உரிமையாளரிடம் ஒப்படைக்கக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. பதிவில்லாத வண்டிகள் சாலையில் ஓடக் கூடாது என்ற நோக்கம் நல்லதே, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் ஒப்படைப்புக்கு முன் வாங்குபவர் வண்டியைச் சரிபார்க்க வேண்டும் என்று யாரும் எங்கும் எழுதிவைக்காததால், முழுத் தொகையையும் கட்டிப் பதிவும் முடிந்த பிறகே பெரும்பாலானோர் தங்கள் காரைக் காண்கிறார்கள். பதிவு விண்ணப்பமான படிவம் 20இல் வாங்குபவரின் கையெழுத்தையோ ஒப்புதலையோ, கடன் காகிதங்களின் கட்டுக்கு நடுவே முன்கூட்டியே வாங்கிவிடும் வழக்கமும் உள்ளது. ஒவ்வொரு வண்டிக்கும் உரிய தனி அடையாளமான சேசிஸ் எண்ணை நிரப்பாத படிவத்தில் ஒருவர் கையெழுத்திடுவது, எந்தக் காராக இருந்தாலும் சரி என்று ஒப்புக்கொடுப்பதற்குச் சமம்.

நீதிமன்றம் இருக்கிறதே என்று கேட்கலாம். கோவாவில் புது மாடல் கேட்டவருக்கு, 2009இல் தயாராகி ஏற்கெனவே 622 கிலோமீட்டர் ஓடியிருந்த கார் ஒப்படைக்கப்பட்டதாகத் தொடரப்பட்ட வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. தயாரிப்பாளருக்கும் விற்பனையாளருக்கும் இடையே இருப்பது இரு தனி வணிகர்களுக்கு இடையிலான உறவு என்றும், தயாரிப்பாளருக்கு இது தெரிந்திருந்தது என்று நிரூபிக்கப்படாத நிலையில் அவரைப் பொறுப்பாக்க முடியாது என்றும் 2021 பிப்ரவரியில் தீர்ப்பாயிற்று. அந்த வழக்கின் உண்மைகளை ஒட்டிய அத்தீர்ப்பை நான் குறைசொல்லவில்லை. ஆனால் தயாரிப்பாளரின் பெயரை நம்பித்தான் மக்கள் பணம் கட்டுகிறார்கள். ஆர்டர் போவதும் அவர்களுடைய தொழிற்சாலைக்குத்தான். வாங்குபவர் எந்த வகையைக் கேட்டார் என்ற விவரம் தயாரிப்பாளருக்கு நேரடியாகவே போய்ச் சேரும்படி செய்துவிட்டால், ‘எங்களுக்குத் தெரியாது’ என்ற பதிலுக்கு இடமிருக்காது.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை மாவட்ட ஆணையமே விசாரிக்கலாம். எங்கள் காரின் விலைக்குப் புகார்க் கட்டணம் 400 ரூபாய்தான். பொருளைப் பரிசோதனைக்கு அனுப்பத் தேவையில்லாத புகாரை மூன்று மாதத்திற்குள் முடிக்க முயல வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. எங்கள் புகாரும் அங்கே உள்ளது. அதில் தாங்கள் தலையிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அது முடியும்வரை மாதத் தவணை கட்டிக்கொண்டும், வண்டியை ஓட்டினால் ஏற்றுக்கொண்டதாகிவிடுமோ என்று தயங்கிக்கொண்டும் இருக்கிற குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று என்பதை மட்டும் சொல்கிறேன். அப்பா இப்போது மருத்துவமனைக்கு வாடகைக் காரில் போய்வருகிறார்.

நேர்மையற்ற வணிக நடைமுறைகளைத் தடுக்க வழிகாட்டுதல் வெளியிடும் அதிகாரத்தை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு தங்களுக்குத் தந்துள்ளது. உணவகங்களின் சேவைக் கட்டணம் குறித்து 2022 ஜூலையில் அந்த அதிகாரத்தைத் தாங்கள் பயன்படுத்தினீர்கள். சில நூறு ரூபாய் பில்லுக்குக் கிடைத்த அந்தக் காப்பு, ஒரு நடுத்தரக் குடும்பம் வீட்டுக்கு அடுத்தபடியாகப் பெருந்தொகை கொடுத்து வாங்கும் பொருளுக்கும் கிடைக்க வேண்டும்.

முன்பணம் வாங்கும்போதே இன்ஜின், கியர் வகை, வண்ணம், வசதிகள் அனைத்தையும், தயாரிப்பாளரின் வகைக் குறியீட்டோடு, வாங்குபவருக்குத் தெரிந்த மொழியில் அச்சிட்டுத் தர வேண்டும். அதன் நகல் தயாரிப்பாளரிடமிருந்தே வாங்குபவரின் கைபேசிக்கு வர வேண்டும். வண்டி விற்பனையாளரின் யார்டுக்கு வந்து சேர்ந்ததும், 17 இலக்க சேசிஸ் எண்ணைத் தெரிவித்து அவரை அழைத்துக் காட்ட வேண்டும். நான் கேட்ட வண்டி இதுதான் என்று அந்த எண்ணைக் குறிப்பிட்டு அவர் கையெழுத்திட்ட பிறகே பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இதைச் செய்யாமல் பதிந்த வண்டி தவறானதாக இருந்தால், தேய்மானம் என்ற பேச்சுக்கே இடமின்றி, வரி, இன்சூரன்ஸ், கடன் வட்டி உட்பட எல்லாவற்றையும் விற்பனையாளரும் தயாரிப்பாளரும் சேர்ந்து திருப்பித் தர வேண்டும். இவற்றில் நான் மிக முக்கியமாகக் கருதுவது பதிவுக்கு முந்தைய கையெழுத்தைத்தான். மற்றவை காலப்போக்கில் வந்தாலும் போகட்டும். அந்த ஒன்றுக்கான வழிகாட்டுதலையாவது உடனே வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதற்குப் பயன்படும் என்று கருதி, ஒரு பக்கத்தில் அடங்கும் மாதிரிச் சரிபார்ப்புப் படிவம் ஒன்றைத் தமிழில் எழுதித் தங்கள் அலுவலகத்திற்குத் தனியே அனுப்பியுள்ளேன்.

இப்படிக்கு,
நீலகிரி மாவட்டத்திலிருந்து ஒரு நுகர்வோர்