டைம்அவுட்னு எழுதுனா மட்டும் போதாது தம்பி

தம்பி, சுங்கை சிப்புட் மில்லு தராசுக்கு நீ எழுதுன புரோகிராம முழுசா படிச்சேன். செம்பனைக் குலை ஏத்துன லோரி தராசுல ஏறுனதும் எடைய காட்டுற இண்டிகேட்டர்லேருந்து எடை வர்ற வரைக்கும் போல்() வச்சு காத்திருக்க, அது நல்ல வழிதான். டேட்டா வரணும், இல்ல நாம குடுத்த டைம்அவுட் நேரம் முடியணும், அது வரைக்கும் லினக்ஸ்ல காத்திருக்குற ஃபங்ஷன்தானே போல்(). ஆனா "5 மில்லிசெகண்ட் கேட்டா 5.06 ஆகுது, லினக்ஸ் பக்"னு கமெண்ட்ல போட்டிருக்க பாரு, அத மொதல்ல அழிச்சிடு.

பக் இல்லடா அது. மேன் பேஜ்லயே, அதாவது லினக்ஸ் கையேட்டுலயே இருக்கு, நீ கேட்ட நேரத்த கிளாக்கோட அளவுக்கு மேல்பக்கமா ரவுண்ட் பண்ணுவாங்க, எந்த புரோசஸ் எப்ப ஓடணும்னு முடிவு பண்ற ஷெட்யூலர் எழுப்ப லேட்டானா அதுவும் சேரும்னு. அதாவது 5ன்னா குறைஞ்சது 5, அதுக்குள்ள முடிஞ்சிடும்னு அர்த்தமே இல்ல. போதாததுக்கு சாதாரண புரோசஸ்னா 50 மைக்ரோசெகண்ட் வரைக்கும் தள்ளிப்போக விடுற டைமர் ஸ்லாக் வேற இருக்கு, கிட்டகிட்ட வர்ற டைமர்கள ஒண்ணா சேத்து ஒரே தடவ எழுப்புனா கரண்ட் மிச்சம்னு லினக்ஸோட மையமான கெர்னல் வேணும்னே பண்றது.

எனக்கு பயம் வேற எடத்துல. உன் ஃபங்ஷன் மைக்ரோசெகண்ட்ல வாங்கி 1000ஆல வகுத்து மில்லிசெகண்டாக்கி போல்()கிட்ட குடுக்குது. 400 வந்தா என்ன ஆகும்? முழு எண் மட்டும் வர்ற இன்டிஜர் வகுத்தல், விடை 0. 0ன்னா போல்() காத்திருக்கவே காத்திருக்காது, உடனே திரும்பிடும், உன் லூப் மறுபடி கூப்பிடும், அது மறுபடி திரும்பும், இப்படியே சிபியுல ஒரு கோர் 100% ஓடிக்கிட்டே இருக்கும், எடை மட்டும் சரியா வர்றதால யாருக்கும் தெரியவே தெரியாது. 999 கூட்டிட்டு வகு, மேல்பக்கமா ரவுண்ட் ஆகிடும். இல்ல, நெசமாவே நுணுக்கமா வேணும்னா பிபோல்() இருக்கு, அது நானோசெகண்ட்ல வாங்கும். நெறைய கனெக்ஷன ஒண்ணா கவனிக்குற ஈபோல்ல அந்த வசதி 5.11 கெர்னல்ல, 2021லதான் வந்துச்சு. நானோசெகண்ட்ல வாங்குதுன்னு நானோசெகண்ட் துல்லியமா எழுப்பும்னு நெனச்சிடாத.

சீரியல் போர்ட்ல, படிக்க எவ்வளவு நேரம் காத்திருக்கணும்னு சொல்ற விடைம் (VTIME) 5ன்னு வச்சிருக்கியே, அது அரை செகண்ட் தம்பி! அதோட யூனிட் செகண்ட்ல பத்துல ஒரு பங்கு, ஒரே பைட்ங்கறதால 25.5 செகண்டுக்கு மேல போகவும் போகாது. ஒரே ஃபைல்ல மூணு யூனிட், எல்லாத்துக்கும் பேரு வெறும் "டைம்அவுட்". அடுத்து கைய வைக்கிறவன் என்னன்னு புரிஞ்சுக்குவான்?

புரோசஸ குறுக்கிடுற சிக்னல் வந்து போல்() பாதியில திரும்புனா மறுபடி முழு நேரத்தையும் குடுக்காத, யாரு நேரத்த மாத்துனாலும் பின்னால போகாத மோனோடோனிக் கிளாக்ல எப்ப முடியணும்னு முன்னாடியே குறிச்சு வச்சிட்டு மீதி நேரத்த மட்டும் குடு.

கிராணி (கிளார்க்கு) ரூம்ல இருக்கிறது விண்டோஸ். அங்க டைமர் சாதாரணமா 15.6 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவதான் அடிக்கும். அங்க கொஞ்ச நேரம் தூங்க வைக்குற ஸ்லீப்() கேட்டதுக்கு முன்னாடியே கூட எழுந்திரிக்கலாம்னு மைக்ரோசாஃப்ட் டாக்குமெண்ட்லயே இருக்கு, அதனால லினக்ஸ்ல சொன்ன "குறைஞ்சது"ங்கற வாக்கு அங்க செல்லாது.

ஒவ்வொரு ஃபங்ஷன் தலைமேலயும் எழுது: என்ன யூனிட், எந்தப் பக்கம் ரவுண்ட், 0ன்னா என்ன, மைனஸ் 1ன்னா என்ன, லேட்டாகுமா முந்துமா. ரெண்டு மெஷின்லயும் ஓட்டிப் பாத்து வர்ற நம்பரையும் அங்கயே போட்டுட்டு எனக்கு அனுப்பு, அதுக்கப்புறம் மில்லுல ஏத்தலாம்.