சூப்பர்மேன் மேல் பட்ட குண்டின் ஆற்றல் எங்கே போனது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

உங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் 'லைட்சேபரா, சூப்பர்மேனா?', அதாவது ஸ்டார் வார்ஸ் படங்களில் வரும் ஒளிவாள் சூப்பர்மேனை வெட்டுமா என்ற கேள்விக்கு வந்த பதில்களைப் பார்த்தோம். பிள்ளைகள் ஆர்வமாக மல்லுக்கட்டியிருக்கிறார்கள். ஆனால் முக்கால்வாசிப் பதில்கள் வெப்பநிலையோடு நின்றுவிட்டன. வாளில் உள்ள பிளாஸ்மா (மின்னேற்றம் பெற்ற கொதிவாயு) இத்தனை லட்சம் டிகிரி என்கிறது ஒரு கட்சி. சூப்பர்மேன் சூரியனுக்கே போய் வந்தவர் என்கிறது இன்னொரு கட்சி. வெப்பநிலையை மட்டும் வைத்து இந்த வழக்குக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

கம்பி மத்தாப்பின் பொறி 1,000 டிகிரிக்கு மேல் சூடானது. கையில் பட்டால் லேசாகச் சுருக்கென்கும், அவ்வளவுதான். எரிந்து முடிந்து கீழே கிடக்கும் கம்பி அந்த அளவு சூடில்லை, ஆனால் அதை மிதித்தால் கால் வெந்துவிடும். பொறியில் நிறை மிகமிகக் குறைவு, கம்பியில் அதிகம். பிரான்சில் கட்டப்பட்டுவரும் இட்டர் அணுக்கரு இணைவு உலையில் பிளாஸ்மாவை 15 கோடி டிகிரிக்குச் சூடாக்கத் திட்டம். அந்தப் பிளாஸ்மாவின் எடை ஒரு கிராம்கூட இருக்காது. ஆகவே கேட்க வேண்டியது, ஒரு நொடியில் எத்தனை ஜூல் எவ்வளவு பரப்பில் இறங்குகிறது என்பதைத்தான்.

அதைத் திரையில் பார்ப்பதை வைத்தே கணக்கிடலாம். ஸ்டார் வார்ஸ் வரிசையில் 1999-இல் வந்த படத்தில் ஜெடாய் என்னும் வாள்வீரர் ஒருவர் தடித்த உலோகக் கதவில் வாளைச் செருகி உருக்குவார். நடிகரின் உயரத்தை அளவுகோலாக வைத்துக் கதவின் தடிமனையும் வெட்டின் அகலத்தையும் மதிப்பிட வேண்டும். நேரத்துக்குப் படச்சட்டங்களை எண்ண வேண்டும், நொடிக்கு 24. ஓர் ஆள் நுழைய 1 மீட்டர் விட்டத்தில் வட்டம், கதவின் தடிமன் 30 செ.மீ., வெட்டின் அகலம் 3 செ.மீ., நேரம் 10 நொடி என்று வைத்துக்கொள்வோம். உருக வேண்டிய உலோகம் 0.028 கனமீட்டர். எஃகு என்றால் சுமார் 220 கிலோ. ஒரு கிலோ எஃகை அறை வெப்பநிலையிலிருந்து உருக்கி முடிக்கச் சுமார் 1.25 மெகாஜூல் தேவை. மொத்தம் 275 மெகாஜூல் சொச்சம், அதாவது நொடிக்கு ஏறக்குறைய 28 மெகாஜூல், 28 மெகாவாட்.

தவறு வழக்கமாக இரண்டு இடத்தில் நுழைகிறது. தடிமன், அகலம், விட்டம் மூன்றையும் இரு மடங்காகப் பார்த்துவிட்டால் விடை எட்டு மடங்காகிவிடும். அடுத்தது, உருகுவதையும் ஆவியாவதையும் குழப்பிக்கொள்வது. இரும்பை ஆவியாக்க, உருக்குவதைப் போல் ஏறக்குறைய ஆறு மடங்கு ஆற்றல் வேண்டும். திரையில் செக்கச்செவேலென்று குழம்புதான் தெரிகிறது என்றால் உருகும் கணக்கையே போட வேண்டும். தன் கட்சி ஜெயிக்கட்டும் என்று ஆவிக்கணக்குப் போடுவது அழுகுணி ஆட்டம்.

இந்த 275 மெகாஜூல் பெரிய ஆற்றல் இல்லை. 8 லிட்டர் டீசலில் அவ்வளவு இருக்கிறது. அதையே இன்றைய லித்தியம் மின்கலத்தில் அடைத்தால் 300 கிலோ எடை வரும், வாளின் கைப்பிடியோ ஒரு சாண் சொச்சம். மலைக்க வைப்பது அது வெளியேறும் வேகம்தான். 28 மெகாவாட்டை வாள் எல்லாப் பக்கமும் கதிர்வீசினால், ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் முகத்தில் உச்சிவெயிலைப் போல் 2,200 மடங்கு விழும். வீரர் வியர்க்காமல் நிற்கிறார் என்றால், எதையாவது தொட்டால் மட்டுமே ஆற்றல் வெளியேறும்படி ஏதோ கட்டுப்பாடு இருந்தாக வேண்டும். ரசிகர்கள் 'காந்தப்புலம்' என்று சொல்வதை அந்த மட்டில் ஒப்புக்கொள்ளலாம்.

இனி சூப்பர்மேன் உடம்பில் வாள் பட்டால்? தொடும் பரப்பு 3 செ.மீ. அகலம், 30 செ.மீ. நீளம் என்றால் சதுரமீட்டருக்கு 310 கோடி வாட். சூரியனின் மேற்பரப்பில் அது 6.3 கோடி வாட்தான். வாள் அதைவிட ஏறக்குறைய 50 மடங்கு! ஆகவே 'சூரியனுக்குப் போனார்' என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் போதாது. மேற்பரப்பைத் தொட்டுவிட்டுத் திரும்பினாரா, ஒன்றரைக் கோடி டிகிரி உள்ள மையம்வரை போனாரா? மையம் என்றால் லைட்சேபர் பேச்சுக்கே வராது. மேற்பரப்போடு சரி என்றால் வழக்கு இன்னும் நிலுவையில்தான். எந்த ஆண்டு இதழின் சூப்பர்மேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1938-இல் ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் படைத்தவருக்குப் பறக்கவே தெரியாது. ஒரு மைலில் எட்டில் ஒரு பங்கு தூரம் தாவுவார். தோலைத் துளைக்க வெடிக்கும் பீரங்கிக் குண்டாவது வேண்டும் என்று முதல் கதையிலேயே எழுதியிருக்கிறது. அதாவது பீரங்கிக் குண்டு துளைக்கும். அந்த ஆள் இந்த வாளுக்குத் தாங்கமாட்டார்.

யாருமே கேட்காதது இதற்கு அடுத்த கேள்வி. தோலுக்கு ஒன்றும் ஆகவில்லை, சரி. வந்த ஆற்றல் எங்கே போனது?

9 மி.மீ. கைத்துப்பாக்கிக் குண்டை எடுத்துக்கொள்வோம். எடை 8 கிராம், வேகம் நொடிக்கு 360 மீட்டர், இயக்க ஆற்றல் 518 ஜூல். மார்பு துளியும் அமுங்கவில்லை என்றால் அத்தனையும் குண்டுக்குள்ளேயே வெப்பமாக வேண்டும். 8 கிராம் ஈயத்தை 30 டிகிரியிலிருந்து 327 டிகிரிக்குக் கொண்டுபோய் முழுதாக உருக்க வேண்டியது சுமார் 493 ஜூல். ஆகவே குண்டு நசுங்கிக் கீழே 'டொக்' என்று விழாது, ஈயக் குழம்பாகப் பக்கவாட்டில் சிதறும். எஃகு இலக்கைச் சுடும் பயிற்சிக் களங்களில் தகட்டைச் சற்று முன்சாய்த்துத் தொங்கவிடுவது இதற்காகத்தான், சிதறல் தரையைப் பார்த்துப் போகட்டும் என்று. சூப்பர்மேன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நேராக நிற்கிறார். ஆபத்து அவருக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு. உந்தம் (நிறையை வேகத்தால் பெருக்கிய அளவு) இங்கே ஒரு பொருட்டில்லை. 90 கிலோ ஆளை அந்தக் குண்டு நொடிக்கு 3 செ.மீ. வேகத்தில்தான் நகர்த்தும்.

லைட்சேபருக்கும் இதே கதிதான். தோல் ஏற்க மறுத்த 28 மெகாவாட் காற்றைச் சூடாக்கும், எதிரொளிக்கும், முதலில் வாளைப் பிடித்திருப்பவரைத்தான் வறுத்தெடுக்கும். எங்கள் தீர்ப்பு: மையம்வரை போன சூப்பர்மேனோடு மோதினால் ஜெடாய் தன் வாளாலேயே சாகிறார்.

ஸ்டார் வார்ஸில் ஒளிக்கற்றை பாய்ச்சிக் கோளையே தகர்க்கும் விண்நிலையமான டெத் ஸ்டார் பற்றி ஒரு மாணவி எழுதியிருந்ததுதான் இருந்ததிலேயே நல்ல பதில். பூமியளவு கோளை, துண்டுகள் மீண்டும் ஒன்றுசேராதபடி சிதறடிக்கக் குறைந்தது 2.2 × 10³² ஜூல் வேண்டும், சூரியன் ஏறத்தாழ ஒரு வாரம் வெளியிடும் ஆற்றல் அது என்று சரியாகவே போட்டிருக்கிறார். 1977 படத்தில் துண்டுகள் பறக்கும் வேகத்தைப் பார்த்தால் உண்மைத் தேவை அதற்கும் மிக மேலே. ஆனால் சூப்பர்மேன் குறுக்கே நின்று கோளைக் காப்பாற்றிவிடுவார் என்று முடித்திருக்கிறார். அங்கேதான் இடிக்கிறது. கற்றையின் விட்டம் 100 மீட்டர் என்றாலும் மனித உடல் மறைப்பது அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. மற்றதெல்லாம் அவரைச் சுற்றிக்கொண்டு கோளுக்குப் போய்விடும். அவர்மேல் பட்ட பங்கு மட்டுமே 100 கிலோ உடலை ஒளியின் வேகத்துக்கு அருகே தள்ளப் போதும். காயமில்லாமல், கோளை நோக்கிப் பாயும் எறிகணையாக அவரே மாறிவிடுவார். பறக்கும் சக்தியால் ஊன்றி நிற்பார் என்றால், எதில் ஊன்றி?

சுட்டவர்களும் தப்ப மாட்டார்கள். ஆற்றலை ஒளியின் வேகத்தால் வகுத்தால் உந்தம் 7.3 × 10²³ கி.கி. மீ./நொடி வருகிறது. கற்றை ஒளி என்பதால்தான் இதுவே, துகள்கள் என்றால் இன்னும் கூடும். டெத் ஸ்டாரின் விட்டம் 160 கி.மீ., அடர்த்தி எஃகில் பத்தில் ஒரு பங்கு என்று கொண்டால், ஒரே சூட்டில் அந்த நிலையமே நொடிக்கு 400 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பின்னோக்கிப் பாயும். உள்ளே நிற்பவர்கள் எல்லோரும் சுவரோடு அப்பளம்.

அடுத்த சுற்று கேப்டன் அமெரிக்காவின் கேடயம் என்று அறிவித்திருக்கிறீர்கள். கேள்வியிலேயே இரண்டு விஷயத்தைத் தெளிவாக்கிவிட்டால் நல்லது. கேடயத்தின் கற்பனை உலோகமான வைப்ரேனியம் வரும் ஆற்றலையெல்லாம் விழுங்கிவிடும் என்றால், வீசிய கேடயம் சுவரில் பட்டதும் பொத்தென்று விழ வேண்டும். சுவருக்குச் சுவர் துள்ளுகிறது என்றால் அது விழுங்கவில்லை. பிள்ளைகள் இரண்டில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ளலாம். அடுத்து, ஆற்றலை விழுங்கினாலும் உந்தத்தை விழுங்க முடியாது. நொடிக்கு 500 மீட்டர் வேகத்தில் வரும் 43 கிலோ பீரங்கிக் குண்டைக் கேடயத்தோடு 100 கிலோ இருக்கும் வீரர் தடுத்தால், கேடயத்தில் கீறல்கூட விழாமல், மூன்றும் சேர்ந்து மணிக்கு 540 கி.மீ. வேகத்தில் பின்னால் பறக்கும். பதில் அட்டவணையில் இப்போதுள்ள 'வெப்பநிலை' கட்டத்தை எடுத்துவிட்டு 'உந்தம் யாருக்குப் போனது?' என்று ஒரு கட்டம் போட்டுத் தாருங்கள்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர்கள் இருவர்,
தஞ்சாவூர்.