வண்டியை இறக்கும் முன் ஒரு கேபிள் டை

மஞ்சக்குப்பம், கடலூர்
ஞாயிறு மாலை

அன்புள்ள மாப்ளே,

போட்டோ வந்தது. லாஸ்பேட்டை வீட்டு வாசலில் சிவப்பு ஃபோர்டு முஸ்டாங், பக்கத்தில் தொப்பையை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு நீ. வீட்டில் எல்லாரும் சிரித்து ஓய்ந்தோம். பாலிடெக்னிக் காலத்தில் பஸ் காசு மிச்சம் பிடித்துக் கார் பத்திரிகை வாங்கினவன், ஐம்பது வயசில் வி8 வாங்கிவிட்டான்! சந்தோஷமா இருக்குடா.

இங்கே கடை ஓடுகிறது. மழைக்குப் பிறகு ரோடெல்லாம் பள்ளம், அலைன்மென்டுக்கு வரிசையில் நிற்கிறார்கள். முட்டி வலி மட்டும் விடுவேனா என்கிறது. மகள் கடைசி செமஸ்டர்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் நாலு விரல் போகிறது, பார்க்க அசிங்கமா இருக்கு, வண்டியைத் தாழ்த்த எந்த லோயரிங் ஸ்ப்ரிங் போடலாம் என்கிறாய். நம்ம பழைய மாருதி ஜென்னை மறந்துட்டியா? ஒரு பட்டறையில் கேஸ் வைத்து ஸ்ப்ரிங்கில் ஒரு சுருளை வெட்டினோமே. மறுநாள் ஜாக்கி போட்டுத் தூக்கினால் முன் ஸ்ப்ரிங் கப்பில் உட்காராமல் தளர்ந்து கிடந்தது, ஒரு விரலால் சுற்ற முடிந்தது. அன்றைக்கு நாம் முருங்கப்பாக்கம் வரை எண்பதில் போய் வந்திருந்தோம். நினைத்தால் இப்பவும் வயிற்றைக் கலக்குது. கேஸ் சூட்டில் ஸ்ப்ரிங் எஃகின் பதம் போய்விடும். ஆறு சுருளில் ஒன்று போனால் விறைப்பு ஐந்தில் ஒரு பங்கு ஏறும், ஆனால் அந்த ஆட்டத்தை அடக்குகிற ஷாக் அப்சார்பர் பழைய ஷாக்தான். அதனால் வெட்டுகிறேன் என்று எவனாவது சொன்னால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடு.

வாங்குவது என்றால் நல்ல கம்பெனிகள் இருக்கின்றன. ஜெர்மனியின் ஐபாக், எச் அண்ட் ஆர் இரண்டும் உன் மாடலுக்குச் செய்கின்றன. ஐபாக்கில் ப்ரோ-கிட் என்பது மிதமாக இறக்கும், ஸ்போர்ட்லைன் அதைவிடக் கீழே கொண்டுபோகும். பெட்டியில் போட்டிருக்கும் அளவு ஷோரூம் உயரத்திலிருந்து. எட்டு வருஷம் ஓடி உட்கார்ந்த வண்டிக்கு அது அப்படியே வராது. சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை நாலு பக்கமும் டேப் வைத்து எழுதிக்கொள். அமெரிக்கக் கடைகளில் விறைப்பை ஒரு அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று போடுவான். 56-ஆல் வகுத்தால் மில்லிமீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும்.

ஆனால் ஸ்ப்ரிங் வாங்குவதற்கு முன்னால் பத்து ரூபாய் செலவில் ஒரு வேலை செய். முன் ஷாக்கின் ரப்பர் உறையை மேலே தள்ளிவிட்டு, பளபளக்கிற கம்பியில் ஒரு கேபிள் டையை, அதான் வயர் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டியை, இறுக்கமாகக் கட்டி, ஷாக் உடம்பின் தலையோடு ஒட்டி வை. பிறகு வழக்கம்போல ஆபீஸ் போய் வா. ஒருநாள் குடும்பத்தோடு அரியாங்குப்பம், தவளக்குப்பம் வழியாக என் வீடு வரை வா. வண்டி பள்ளத்தில் அமுங்கும்போதெல்லாம் டை மேலே தள்ளப்பட்டு, அதிகபட்சம் எங்கே போனதோ அங்கேயே நிற்கும். பம்ப் ஸ்டாப் என்கிற ரப்பர் முட்டு வரை 6 சென்டிமீட்டர் இருந்து, டை 4 சென்டிமீட்டர் ஏறியிருந்தால் மிச்சம் இரண்டுதான். 2.5 சென்டிமீட்டர் இறக்கிவிட்டு அதே ரோட்டில் போனால் வண்டி ஸ்ப்ரிங்கில் ஓடாது, ரப்பரில் மோதிக்கொண்டு ஓடும். புது ஸ்ப்ரிங் கொஞ்சம் விறைப்பாக இருப்பதால் அமுங்குவது குறையும், ஆனால் இறக்கின அளவுக்குக் குறையாது.

அடுத்தது வேகத்தடை. இந்திய சாலை காங்கிரஸின் அளவுப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம், 17 மீட்டர் ஆர வளைவு. உன் வண்டியின் வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் உள்ள தூரம், 2.72 மீட்டர். நாலு சக்கரமும் மேட்டின் மேலே இருக்கும்போது வயிற்றை நோக்கி மேடு எழும்பி நிற்பது ஐந்தரை செ.மீ. அளவுதான். கணக்கு சரியா பார், நீதான் எப்பவும் கணக்கில் முதல். ஆனால் நம்ம ஊர்ல வீட்டுக்காரரே கொட்டின முக்கால் மீட்டர் அகல மேடு இருக்கே, அது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் வரும்போது உயரம் முழுசும் வயிற்றுக்குத்தான்.

இன்னொன்று, இதை நிறைய பேர் நம்பமாட்டார்கள். உன் வண்டிக்கு முன்பக்கம் மேக்ஃபெர்சன் ஸ்ட்ரட், அதாவது ஷாக்கும் ஸ்ப்ரிங்கும் ஒரே தூணாக, கீழே ஒரு ஆர்ம் பிடித்திருக்கிற அமைப்பு. அதை அதிகமாக இறக்கினால் அந்த லோயர் ஆர்ம் சக்கரப் பக்கம் மேல்நோக்கிச் சாயும். அப்போது வண்டியின் எடை மையம் இறங்குவதைவிட வளைவில் அது எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த மையம் வேகமாக இறங்கிவிடும். தாழ்ந்த வண்டி வளைவில் இன்னும் அதிகமாகச் சாயப் பார்க்கும். ஸ்ப்ரிங் விறைப்பை ஏற்றுவதே பாதி இதைச் சமாளிக்கத்தான். அதனால் கேபிள் டை இடம் கொடுத்தால், என் கணக்கில் உனக்கு 20, மிஞ்சினால் 25 மில்லிமீட்டர். அதுவும் ஷாக் சேர்த்து. பழைய ஷாக்கில் புது ஸ்ப்ரிங் போட்டால் மேடு தாண்டினபிறகு வண்டி இரண்டு தடவை தலையாட்டும்.

மாட்டும்போது ஒன்றை மட்டும் நின்று பார். வண்டி தொங்கிக்கொண்டிருக்கும்போதே ஆர்மின் ரப்பர் புஷ் போல்டுகளை முறுக்கிவிடுவார்கள். அப்படி முறுக்கினால் புஷ் எப்பவும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். சக்கரம் தரையில் உட்கார்ந்தபிறகுதான் கடைசி முறுக்கு. கொஞ்ச நாள் ஓடி ஸ்ப்ரிங் உட்கார்ந்தபிறகு அலைன்மென்டுக்கு இங்கே வா. டோ, அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கிற அளவு, விட்டுப்போனால் டயரின் உள்பக்கம் சத்தமில்லாமல் கரையும். ஹெட்லைட்டும் திருப்ப வேண்டியிருக்கும்.

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவையும் பார்த்துக்கொள். ஆர்.சி.யில் இருக்கும் விவரம் கம்பெனி சொன்னதிலிருந்து மாறுகிற மாதிரி வண்டியை மாற்றக்கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் போடலாம். இன்சூரன்ஸில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடு.

பழைய ஸ்ப்ரிங்கைத் தூக்கிப் போடாதே. ஃபோர்டு இங்கே கார் விற்பதை நிறுத்திவிட்டது, ஒரிஜினல் தேடினால் லேசில் கிடைக்காது. கிரீஸ் தடவி, சாக்கில் சுற்றி மாடியில் போடு. கடல் காத்து இரும்பை விட்டுவைக்காது.

அடுத்த ஞாயிறு வா. தேவனாம்பட்டினத்தில் மீன் வாங்கி வைக்கிறேன். வழியில் ரெட்டிச்சாவடி பக்கம் ஏதாவது ஒரு மேட்டில் மெதுவாக ஏறி நடுவில் நிறுத்து, கீழே கை விட்டு எத்தனை விரல் போகிறதென்று பார்த்து எழுதிக்கொண்டு வா.

உன் பழைய பெஞ்ச் பக்கத்துக்காரன்