35 வயதுவரை கார் உயிரோடு இருந்தால்தானே: சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆணைய அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் காரைப் பார்க்க ஒரு தம்பி வந்திருந்தார். விற்கும் எண்ணம் எனக்கில்லை. "சும்மா பார்த்துட்டுப் போறேண்ணே" என்றார், வரச் சொன்னேன். எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் ஐந்தாம் தளத்தில் நிற்கிறது அது. 2002-ல் பதிவான வெள்ளை நிற ஹோண்டா எஸ்2000. அவருக்காகப் பானட்டைத் திறந்தே வைத்திருந்தேன். அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கைபேசியில் கால்குலேட்டரை எடுத்துக்கொண்டு, "சிஓஇ எப்பண்ணே முடியுது?" என்றார். கார் வைத்துக்கொள்ள ஏலத்தில் எடுக்கும் பத்தாண்டு உரிமைச் சான்றிதழைத்தான் கேட்டார். 2027 ஆகஸ்ட் என்றேன். "அஞ்சு வருஷ ரினியூவலா?" ஆமாம் என்றதும் கால்குலேட்டரை மூடிவிட்டார். பிறகுதான் இன்ஜினைக் குனிந்து பார்த்தார், துக்க வீட்டில் முகம் பார்ப்பது மாதிரி.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு விலை பேசுகிறவன் மற்ற ஊர்களில் முதலில் துரு பார்ப்பான், ஓடிய கிலோமீட்டர் பார்ப்பான், பெயின்ட் கம்பெனியில் அடித்ததா, மோதிய பிறகு அடித்ததா என்று தடவிப் பார்ப்பான். நம் ஊரில் முதல் கேள்வி எத்தனை மாதம் பாக்கி என்பது. இரண்டாவது கேள்வி 'டெப்ரி', அதாவது ஆண்டுக்கு எவ்வளவு தேய்மானம். காரின் விலை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி காகிதத்தின் விலை. தகடும் இன்ஜினும் அந்தக் காகிதத்தோடு ஒட்டிக்கொண்டு வருகிற இலவச இணைப்பு.

இந்த இன்ஜினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல அனுமதியுங்கள். 1,997 சிசி, டர்போ கிடையாது. ஜப்பானில் விற்ற வடிவத்தில் 250 குதிரைத்திறன். நிமிடத்துக்கு 9,000 சுழற்சி வரை போகும். ஹோண்டா தன் ஐம்பதாம் ஆண்டை ஒட்டிச் செய்த கார் இது. 1999-ல் தயாரிப்பு தொடங்கி 2009-ல் நின்றது, உலகம் முழுவதற்குமாகச் சுமார் 110,000 கார்கள். 6,000 சுழற்சியைத் தாண்டும்போது வேறு யாரோ வந்து உட்கார்ந்து ஓட்டுவது போல இருக்கும். அதற்குக் கீழே, உண்மையைச் சொன்னால், சாதாரண சிவிக்தான். குறைகளும் உண்டு. இரண்டாம் கியர் குளிரில் கரகரக்கும். துணிக்கூரை மடிகிற இடத்தில் கிழியும். காலையில் முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது, டைமிங் சங்கிலியை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தேய்ந்திருந்தால், டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்குவது மாதிரி ஒரு சத்தம். கார் பட்டறைகள் நிறைந்த சின் மிங்கில் எனக்கு வண்டி பார்க்கும் அங்கிள் அதைத் தொலைபேசியிலேயே கேட்டுக் கண்டுபிடித்தார். "எடுத்துட்டு வா, இன்ஜின் நல்லாத்தான் இருக்கு" என்றார். அவருக்கு எழுபது ஆகப்போகிறது. இந்தக் கைப்பழக்கம் இப்போதைய பையன்களுக்கு வராது, அவர்களிடம் வருவது எல்லாம் கம்ப்யூட்டரைச் செருகிப் பார்க்கிற வண்டி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் விதிப்படி 35 வயதான கார் 'கிளாசிக்'. பத்தாண்டுக்கொரு முறை முழு சிஓஇ கட்ட வேண்டியதில்லை, ஆண்டுக்கு 45 நாள் ஓட்டலாம். முன்பு 28 நாளாக இருந்ததை 2020-ல் நீங்களே 45 ஆக்கினீர்கள், அதற்கு நன்றி. என் முறையீடு அந்தத் திட்டத்தின் மேல் இல்லை. அந்த வயதுவரை எது பிழைத்திருக்கப் போகிறது என்பதில்தான்.

பத்தாவது வயதில் முதல் கண்டம். புதுப்பித்தால் பார்ஃப் கழிவு (பத்து வயதுக்குள் காரைக் கைவிட்டால் பதிவுக் கட்டணத்தில் திரும்பக் கிடைக்கும் பங்கு) போய்விடும், மூன்று மாத சராசரி சிஓஇ விலையை முழுசாகக் கட்ட வேண்டும். சாலை வரியில் 10 விழுக்காடு கூடுதல், ஆண்டுக்கு ஆண்டு ஏறி 14 வயதுக்கு மேல் 50 விழுக்காடு. இருபதாவது வயதில் இரண்டாம் கண்டம், முப்பதில் மூன்றாவது. மூன்று முறையும் கட்டினால்தான் 35-ஐத் தொட முடியும். என்னைப் போல 20 வயதில் பாதி விலைக்கு ஐந்தாண்டு வாங்கினால், 25-ல் கதை முடிந்தது, அதற்கு மேல் நீட்டிப்பு இல்லை. அது நானே எடுத்த முடிவு, தெரிந்துதான் எடுத்தேன். கையில் இருந்த காசுக்கு அதுதான் கட்டுப்படி ஆனது.

எந்தக் கார் பிழைக்கிறது என்பது காரின் தரத்தைப் பொறுத்ததாகவும் இல்லை. 2008 நவம்பரில் சிறிய கார்களின் சிஓஇ 2 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) விழுந்தது. அந்தச் சமயத்தில் பத்து வயது நிரம்பிய முதல் தலைமுறை சிவிக் டைப் ஆர், 1,595 சிசியில் 185 குதிரைத்திறன் தரும் அந்தச் சின்ன ராட்சசன், மலிவாகப் புதுப்பிக்கும் வாய்ப்பைப் பெற்றது. 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கு 150,001 வெள்ளி. அதை ஒட்டிப் பத்தோ இருபதோ வயதான கார்கள் ஏற்றுமதிக் கிடங்குக்கும் உடைப்புக் கிடங்குக்கும் போயின. கார் எந்த மாதம் பதிவானது என்பதுதான் அதன் ஜாதகம்.

ஓட்டாமல் வீட்டிலாவது வைத்துக்கொள்ளலாம் என்றால் அதுவும் முடியாது. பதிவை ரத்துசெய்த ஒரு மாதத்துக்குள் காரை உடைக்க வேண்டும், அல்லது நாடு கடத்த வேண்டும். பிரிட்டனில் வாகன வரிக்குப் பழைய கார் என்ற தகுதி 40 வயதில்தான் கிடைக்கிறது, நம்மைவிட ஐந்தாண்டு தாமதம். ஆனால் அங்கே காரைச் சாலைக்குக் கொண்டுவரவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்கட்டுக் கொட்டகையில் எத்தனை ஆண்டும் போட்டுவைக்கலாம். ஜெர்மனியில் 30 வயதானால் பழைய காருக்கென்று தனி எண் பலகை. அமெரிக்காவில் 25 வயது நிறைந்த கார், அந்நாட்டுப் பாதுகாப்பு விதிகளுக்குப் பொருந்தாவிட்டாலும், உள்ளே வரலாம். 1999 ஜனவரியில் வெளிவந்த நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஆர்34-க்கு 2024 ஜனவரியில் அந்தக் கதவு திறந்தது. அங்கே 25 வயதில் ஒரு காருக்கு வாழ்வு தொடங்குகிறது, இங்கே அதே வயதில் என் காருக்கு ஈமச்சடங்கு.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. மூன்று வயதுக்கு மேற்பட்ட பழைய காரை இங்கே இறக்குமதி செய்ய முடியாது. ஆனால் 35 தாண்டிவிட்டால் கிளாசிக் என்று கொண்டுவரலாம். ஆக, 1990-ல் வந்த ஹோண்டா என்எஸ்எக்ஸை ஒருவர் இங்கேயே பொத்திப் பொத்திக் காப்பாற்ற வேண்டுமானால் மூன்று முறை சிஓஇ கட்டியிருக்க வேண்டும். இன்னொருவர் அதே வயதுக் காரை ஜப்பானிலிருந்து இப்போது கப்பலில் இறக்கினால் போதும். பெற்ற பிள்ளையை அனுப்பிவிட்டு அடுத்த வீட்டுப் பிள்ளையைச் சீராட்டுகிற கதையாக இருக்கிறது.

உங்கள் பக்க நியாயமும் எனக்குத் தெரியும். தீவு சிறியது. 2018 பிப்ரவரியிலிருந்து கார்களின் எண்ணிக்கை வளர்ச்சி விகிதம் சுழியம். பழைய இன்ஜினின் புகை புதியதைவிட மோசம், அதை நான் மறுக்கப் போவதில்லை. குறைந்த கட்டணத்தில் ஒரு வழி திறந்தால், தேய்ந்துபோன எந்தக் காரையும் பொக்கிஷம் என்று சொல்லிக்கொண்டு ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். நியாயமான பயம்தான்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். 20 வயது நிறைந்து, 35-ஐ எட்டாத கார்களுக்கு ஓர் இடைப்பிரிவு. அதே 45 நாள், வேண்டுமானால் 30 நாள்கூடப் போதும். கார் கம்பெனியிலிருந்து வந்த நிலையில் இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள், மாற்றிய புகைக்குழாயோடு வருபவரைத் திருப்பி அனுப்புங்கள். எந்த மாடல் சேரும் என்பதற்குப் பட்டியல் போட்டாலும் சரி, மொத்தம் இத்தனை கார்தான் என்று உச்சவரம்பு வைத்தாலும் சரி. ஆண்டுச் சோதனை இப்போதும் உண்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்றாலும் கொண்டுவந்து காட்டுகிறோம். நாள் கணக்கைப் பார்ப்பது உங்களுக்குப் புதிதல்ல. இரவிலும் வார இறுதியிலும் மட்டும் ஓட்டுவதற்கான சிவப்பு எண் பலகைக் கார்களுக்குப் பகலில் ஓட்ட 20 வெள்ளி நாள் உரிமம் என்று எத்தனையோ ஆண்டாக நடத்திவருகிறீர்கள். இப்போது கார்களில் புதிய இஆர்பி (மின்னியல் சாலைக் கட்டண) கருவி வேறு பொருத்தியிருக்கிறீர்கள். (என் காரில் அந்தக் கருவி டாஷ்போர்டில் உட்கார்ந்திருப்பது சம்மணமிட்ட யானை மாதிரி இருக்கிறது. அது வேறு மடலுக்கான விஷயம்.)

உதிரிபாகம் கிடைக்காமல் கார் தானாகவே செத்துவிடும் என்று ஒரு காலத்தில் சொல்லலாம். இப்போது அந்தக் கவலையும் குறைந்து வருகிறது. நிசான் 2017 முதல் பழைய ஜிடி-ஆர்களுக்கும், டொயோட்டா பழைய சுப்ராக்களுக்கும் பாகங்களை மறுபடி செய்து விற்கின்றன. மாஸ்டா, முதல் தலைமுறை ரோட்ஸ்டரைத் தானே பிரித்து மாட்டிப் புதுப்பித்துத் தருகிறது. செய்த கம்பெனிகளே வாழவைக்கப் பார்க்கின்றன.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இப்படி ஒரு பிரிவு வந்தால் இந்தக் கார்களின் விலை ஏறும். ஊக வணிகர்கள் நுழைவார்கள். இன்று கால்குலேட்டரை மூடிய தம்பிக்கு அது எட்டாத விலைக்குப் போனாலும் போகலாம். அந்தச் சங்கடத்துக்கு என்னிடம் விடையில்லை. ஆனால் விலை ஏறிய கார் யாரோ ஒருவரிடம் இருக்கும், உடைத்த கார் யாரிடமும் இருக்காது.

அங்கிளிடம் இந்த மடலைப் பற்றிச் சொன்னேன். சிரித்தார். "லெட்டர் எழுது, எழுது. டென்ஷனர் மட்டும் இப்பவே மாத்திடு, கப்பல்ல ஏத்துற அன்னைக்குச் சத்தம் போட்டா மானம் போயிடும்" என்றார். அடுத்த சனிக்கிழமை மாற்றக் கொடுத்திருக்கிறேன்.

2027 ஆகஸ்டுக்கு முன் உங்கள் பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஐந்தாம் தளத்து வெள்ளைக் காரின் உரிமையாளர்
சிங்கப்பூர்