பூட்டி கேட்கச் சொன்னது

கண்ணு,

ஃபிளாட் போட்டோ வந்தது. நானும் அப்பாவும் பார்த்தோம். சமையலறை நல்ல விசாலம், வாசலும் கிழக்குப் பார்த்திருக்கிறது. ஆனால் அட்வான்ஸ் கொடுக்கும் முன்னால் ஒரு விஷயம் விசாரி. நான் கேட்கவில்லை, உன் பூட்டி கேட்கச் சொன்னாள்.

இந்த வருஷம் மேட்டூர் அணையில் தண்ணீர் சீக்கிரமே இறங்கிவிட்டது. உள்ளே முழுகிக் கிடக்கிற பழைய ஊரில் முதலில் சர்ச் கோபுரம் இரண்டும் வெளியே வந்தன, அப்புறம் பண்ணவாடிக் கோயில் நந்தி. நந்தி முழுசாகத் தெரிந்த அன்று ராத்திரியே வழக்கம்போலப் பூட்டி வந்துவிட்டாள். சேலை சொட்டச் சொட்ட உட்காருவாள், திண்ணை மட்டும் நனையாது. காலையில் பெருக்கினால் ஒரு கை வண்டல் வரும். கறிவேப்பிலைச் செடிக்கு என்ன உரம் போடுகிறாய் என்று கேட்பாயே, அதுதான்.

ராகிக் களியும் கீரைக் கடைசலும் வைப்பேன். தொடமாட்டாள். களி ஆறும் வரை பக்கத்திலேயே இருந்து வாசம் பிடிப்பாள். உப்பு குறைந்தால் மட்டும் சொல்லிவிடுவாள், அந்த நாக்கு இன்னும் போகவில்லை!

1934-ல் அணை கட்டி முடிந்தது. அதற்கு முன்னாலேயே ஊரைக் காலி பண்ணிவிட்டார்கள். வீட்டுக்கு விலை போட்டவர்கள் வாசல் வேம்புக்குப் போடவில்லை என்ற கோபம் அவளுக்கு இன்றுவரை ஆறவில்லை. கதவு நிலையைப் பெயர்த்து மாட்டுவண்டியில் ஏற்றி வந்தார்கள். நம் வீட்டில் இருப்பது அந்த நிலைதான், மஞ்சள் பூசிப் பூசி ஓரம் மழுங்கிக் கிடக்கிறதே, அது. அதை வைத்துத்தான் வீட்டை அடையாளம் கண்டு வருகிறாள். உன் சித்தப்பாவின் மாடி வீட்டுக்கு ஒருநாளும் போனதில்லை. அதில் அவருக்கு வருத்தம்தான்.

நீ பெங்களூரில் வீடு பார்ப்பதைச் சொன்னேன். "தண்ணி ஏது?" என்றாள். காவேரிதான், நூறு கிலோமீட்டர் குழாயில் மேலே ஏற்றுகிறார்கள் என்றேன். "அப்ப நம்மகிட்ட வர்றதுக்கு முன்னாடியே அவ குடிச்சிடறாளா?" என்று சிரித்தாள். அப்புறம்தான் கேட்டாள்: "அந்த எடத்துல முன்னாடி என்ன இருந்துச்சு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. விளம்பரத்தில் ஏரி என்று பெரிதாகப் பேர் போட்டிருக்கிறார்கள், பால்கனி போட்டோவில் ஏரியைக் காணோம். மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்ட் தர்மாம்புதி ஏரியில் வந்தது, கண்டீரவா ஸ்டேடியம் சம்பங்கி ஏரியில் வந்தது என்று அப்பா சொல்கிறார். அதையும் அவளிடம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. "இத்தனை வருசமா தண்ணிக்குள்ள கெடக்கேன், எனக்கு வீட்டுக்கு வழி மறந்துச்சா? அதுக்கு மட்டும் மறக்குமா?" என்றாள்.

அதனால் சர்வே நம்பரை வாங்கி, பழைய கிராம வரைபடத்தில் ஒருமுறை பார்த்துவிடு. வக்கீல் வேண்டாம் என்று உன் வீட்டுக்காரர் சொன்னாலும் கேட்காதே.

முடிந்தால் ஒரு நடை வந்து போ. ஜூன் 12-ல் டெல்டாவுக்குத் திறந்தால் தண்ணீர் இன்னும் கொஞ்சம் இறங்கும். மேலே மழை பிடித்துவிட்டால் ஆடிக்குள் ஏறிவிடும், அவளும் கிளம்பிவிடுவாள். வரும்போது வீட்டுப் பிளானைத் தாளில் எடுத்து வா. போனில் காட்டினேன், வெறும் வெளிச்சம்தான் தெரிகிறது என்கிறாள்.

அம்மா