நிழல் கருப்பாவா இருக்கும்?

அம்பாசமுத்திரம்,
புரட்டாசி முதல் வாரம்

அன்பு மாப்ளைக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. ஆவணி முகூர்த்தங்கள் ஓயட்டும் என்றிருந்தேன். ஒரே மாதத்தில் பதினோரு கல்யாணம். புரட்டாசி பிறந்த பிறகுதான் மூச்சு வந்தது. அதில் மூன்று கல்யாணத்துக்கு ஒரு ஸ்டூடியோக்காரர் இன்னும் காசு தரவில்லை, அது வேறு கதை.

கல்யாண போட்டோவோடு நின்றுவிட்டாயா, வரைகிறாயா என்று கேட்டிருந்தாய். வரைகிறேன். ஆனால் நடுவில் ஒன்றரை வருஷம் வரைந்ததையெல்லாம் கட்டிப் பரண் மேல் போட்டுவிட்டேன்.

கேமரா வாங்கிய பிறகு ஆற்றங்கரையில் உட்கார்ந்து வரைவது நின்றுபோச்சு. காலையில் படித்துறையில் நூறு படம் எடுப்பேன். வீட்டுக்கு வந்து ஒன்றை லேப்டாப்பில் திறந்து வைத்துக்கொண்டு வாட்டர்கலரில் அப்படியே இறக்குவேன். சுளுவான வேலை, பார்க்கிறவர்களும் ‘அச்சு அசல் போட்டோ’ என்பார்கள். அதைப் பாராட்டு என்றே நினைத்திருந்தேன்.

ஒருநாள் அப்பா பின்னால் வந்து நின்றார். அவரைத்தான் உனக்குத் தெரியுமே, ஃபிளெக்ஸ் வருவதற்கு முன்னால் இங்கே கடை போர்டுகளில் பாதி அவர் எழுதியது. மருதமரத்தடியில் பெண்கள் துணி துவைக்கிற படம் அது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “ஏல, நிழலு இப்படிக் கருப்பாவா இருக்கும்?” என்றார். டீ குடிக்கக் கிளம்பிவிட்டார்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. மறுநாள் பதினோரு மணி வெயிலில் அதே மரத்தடிக்குப் போய்ப் பார்த்தேன். கருப்பையே காணோம், மாப்ள. கல்படி நிழல் ஊதா. தண்ணீரை ஒட்டின இடம் பாசிப்பச்சை. காயப்போட்ட சிவப்புச் சேலைக்குப் பக்கத்தில் நிழலிலேயே ஒரு செம்மை ஊறிக் கிடந்தது. வானத்து வெளிச்சத்துக்குத் தக்க எக்ஸ்போஷர் வைத்தால், அதாவது கேமராவுக்குள் விடுகிற ஒளியைக் குறைத்தால், படம் பதிக்கிற சென்சாருக்கு நிழல் எட்டாது, இருட்டாக அடைத்துவிடும். கண் அப்படியில்லை, இரண்டையும் மாறி மாறிப் பார்த்துச் சமாளித்துக்கொள்ளும். மண்டபத்தில் இதற்காகவே ஃபிளாஷ் அடிக்கிறவன் நான்! தாளில் மட்டும் கேமராவின் குறையை உட்கார்ந்து நகலெடுத்திருக்கிறேன்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு திருப்புடைமருதூர் போனேன். கடனாநதி தாமிரபரணியில் சேருகிற ஊர். நாறும்பூநாதர் கோயில் கோபுரத்துக்கு உள்ளே, ஐந்து நிலைகளிலும் சுவர் ஓவியமும் மரச்சிற்பமும். கப்பலில் குதிரைகள் வந்து இறங்குகிற ஓவியம் ஒன்று உண்டு, அரபு வியாபாரிகள் கொண்டுவந்தவை. கேமராவைப் பையிலிருந்து எடுக்கவேயில்லை. நோட்டில் பென்சிலால் ஒரு குதிரையை மட்டும் வரைய முக்கால் மணி நேரம் ஆச்சு. அந்தக் குதிரைக்கு நிழலே கிடையாது. காவி, மஞ்சள், சுற்றிலும் ஒரு கோடு, அவ்வளவுதான். ஆனாலும் கனமாக நிற்கிறது. எப்படி என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

அப்பா திரும்பி வரும்போது வழியெல்லாம் கொண்டையராஜு பேச்சுதான். நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதி, கோவில்பட்டியில் தங்கி, சிவகாசிக் காலண்டர்களுக்குச் சாமி படம் போட்டவர், 1976இல் காலமானார். அவர் படம் போட்ட காலண்டர்கள் அப்பாவின் டிரங்குப் பெட்டியில் இன்னும் இருக்கின்றன. “கலர் படிக்க நான் எந்தப் பள்ளிக்கூடம் போனேன்? இந்த ஆளு படத்தைப் பாத்துத்தான்” என்றார். இத்தனை வருஷத்தில் இதை என்னிடம் சொன்னதேயில்லை.

இப்போது படித்துறையில் உட்கார்ந்தே வரைகிறேன். வெயில் நகர நகர ஓட வேண்டியிருக்கிறது, பாதி தாள் பாழ். கேமராவை விடவில்லை, சோறு அதுதானே. நூறு எடுத்த இடத்தில் பத்து எடுக்கிறேன்.

மருதமரத்தையும் மறுபடி வரைந்தேன். அப்பா பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. என் தூரிகையை வாங்கி நிழலின் ஓரத்தில் ஒரு சொட்டு நீலத்தை இழுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். எழுபது வயதிலும் கை நடுங்கவில்லை.

தீபாவளிக்கு வரும்போது சென்னையில் வாட்டர்கலருக்கான 300 ஜிஎஸ்எம் தடித்தாள் ஒரு கட்டு, கோபால்ட் நீலம் இரண்டு டியூப் வாங்கி வா. காசு அந்த ஸ்டூடியோக்காரர் தந்ததும் தருகிறேன்.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்