மண் அடுப்பு பீட்சாவுக்கு கை குடுத்த எல்லாருக்கும்

வணக்கம்ங்க. பொங்கல் லீவுல ஏற்காட்டுல எங்க மாமியார் வீட்டுத் தோட்டத்துல பாப்பா பொறந்த நாளுக்கு பீட்சா சுட்டோம்ல, அன்னைக்கு கெளம்புறப்ப ஆளாளுக்கு என் கையப் புடிச்சு "சூப்பரா பண்ணிட்டம்மா"ன்னு சொல்லிட்டுப் போனீங்க. எனக்கு அப்பவே கூச்சமாத்தான் இருந்துச்சு. நான் பண்ணுனது என்ன, சூரமங்கலம் உழவர் சந்தையில நாலு கிலோ தக்காளி வாங்கி வேக வெச்சு மசிச்சேன், மத்த நேரமெல்லாம் போன கையில வெச்சுக்கிட்டு போட்டோ எடுத்தேன். வேல பாத்தவங்க வேற ஆளுங்க. பேர் போடாதன்னு ரெண்டு மூணு பேர் கண்டிப்பா சொல்லிட்டாங்க, அதனால மொறை வெச்சே சொல்றேன், அவங்கவங்களுக்குப் புரியும்.

முதல்ல இந்த அடுப்பு கட்டற ஐடியாவே எங்களுக்குக் கெடையாது. ஆன்லைன்ல ஒரு எடத்துல ரெடிமேட் அடுப்பு ஒண்ணு புக் பண்ணிருந்தோம், பணத்த வாங்கிட்டு மூணு வாரம் இழுத்தடிச்சு கடைசில ஸ்டாக் இல்லன்னுட்டாங்க, பணம் திரும்பி வர அதுக்கு மேல பத்து நாள். அந்தக் கடுப்புலதான் எங்க வீட்டுக்காரரு "நாமளே கட்டிருவோம்"னாரு. செவுத்துல ஒரு ஆணி ஒழுங்கா அடிக்கத் தெரியாத மனுசன், சொல்லிட்டாரு.

நான் சேலத்துக்காரி இல்லையா, நம்ம ஊரு வெள்ளைக்கல்லு, அதான் மேக்னசைட், உலையில வெக்கிற செங்கல்லு அதுலதான பண்றாங்க, அதுலயே அடுப்பு கட்டுனா எவ்ளோ பெருமைன்னு நெனச்சேன். நல்ல வேளை எதிர்வீட்டு சார்கிட்ட கேட்டேன். உலைச்செங்கல் கம்பெனியில முப்பது வருசம் இருந்து ரிட்டயர் ஆனவரு. கேட்டதும் சிரிச்சாரு. "அம்மா, அது இரும்பு உருக்குற உலைக்கு. சட்டுனு சூடேத்தி சட்டுனு எறக்குனா தெறிச்சு வுட்டுரும், சூட்டையும் நிக்க விடாம உறிஞ்சிக்கும், தண்ணி ஏறுனா ஊதிப் பிளந்துக்கும். ஏற்காட்டுப் பனிக்கு அது ஆவாது, சாதா களிமண் ஃபயர் பிரிக் வாங்கு"ன்னாரு. சொன்னதோட நிக்காம அவரே வந்து ஒவ்வொரு கல்லையும் தட்டிப் பாத்து, கணீர்னு சத்தம் வர்றதா 32 கல்லு பொறுக்கிக் குடுத்தாரு. ஒண்ணொண்ணும் மூணரை கிலோவுக்கு மேல. சார், அன்னைக்கு வெச்ச கல்லு இன்னைக்கு வரைக்கும் ஒரு கீறல் இல்ல.

கல்லுக்குக் கீழ காலி கண்ணாடி பாட்டில் அடுக்கணும்னு சொன்னதும் அவருதான். உள்ள இருக்குற காத்து சூட்ட கீழ எறங்க விடாதாம். பாட்டிலுக்கு எங்க போறதுன்னு முழிச்சப்ப தம்பிமாரு நாலு பேரு (மாமியாருக்கு அக்கா பசங்க) வியூ பாயிண்ட் பக்கம் போயிட்டு ஒரு மணி நேரத்துல மூணு சாக்கு நெறைய கொண்டு வந்து எறக்குனாங்க. டூரிஸ்ட்டுங்களுக்கும் நன்றி சொல்லணுமோ என்னமோ! சாக்கப் பாத்த எங்க மாமனாரு மொகம் போன போக்க நான் மறக்கவே மாட்டேன்.

அடுத்து அடிவாரத்துல பான செய்யிற தாத்தா. மண்ணும் அவருதுதான், பக்குவமும் அவருதுதான். ஒரு பங்கு களிமண்ணுக்கு மூணு பங்கு மணல், கால்ல மிதிச்சு ஒரு உருண்ட புடிச்சு இடுப்பு ஒசரத்துல இருந்து கீழ போடணும், ஒடஞ்சா மணல் ஜாஸ்தி, சப்பையாப் போனா தண்ணி ஜாஸ்தி. எங்க வீட்டுக்காரரு போட்டது ஏழெட்டு உருண்ட சாணி மாதிரி அப்பிக்கிச்சு. தாத்தா ஒண்ணும் பேசல, ரெண்டு கை மணல அள்ளிப் போட்டுட்டு "மிதி"ன்னாரு, அவ்ளோதான். ஈர மணல 16 இன்ச் ஒசரத்துக்குக் குவிச்சு, நனச்ச பேப்பர அது மேல ஒட்டி, அதுக்கு மேல நாலு இன்ச் கனத்துக்கு மண்ண அப்பி, மண்ணு இறுகுனதும் 10 இன்ச் ஒசரத்துல வாசல் அறுத்து உள்ள இருக்குற மணல சொரண்டி எடுத்தோம். பேப்பர் கண்ணுல பட்டா அங்க நிறுத்திரணும். அந்த வேலைய பாப்பாவும் அவ ஃப்ரெண்ட்ஸும்தான் பண்ணாங்க, சின்னக் கைதான உள்ள போகும்.

இதெல்லாம் டிசம்பர் மொத வாரம். மார்கழி பொறக்கப் போவுது, காலைல பத்து மணி வரைக்கும் எதுக்க இருக்குற சில்வர் ஓக் மரம் கூட கண்ணுக்குத் தெரியாது, அந்தப் பனியில மண்ணு எப்படிக் காயும். அடுத்த ஞாயித்துக்கெழம இவரு அவசரப்பட்டு பெரிய வெறகா வெச்சு எரிச்சுட்டாரு. அர மணி நேரத்துல 'டிக்'னு ஒரு சத்தம், வாசலுக்கு மேல இருந்து ரெண்டு சாண் நீளத்துக்கு வெடிப்பு. போன்ல சொன்னதும் தாத்தாவுக்கு வந்ததே கோவம், "பல்லு மொளைக்காத புள்ளைக்கு கறிச்சோறு ஊட்டுவியா நீ"ன்னு இவர ஒரு புடி புடிச்சிட்டு மறுநாள் காலைல மொத பஸ்ஸுல மேல வந்துட்டாரு. வெடிப்ப நனச்சு, சலிச்ச உமி கலந்த மண்ண கட்ட வெரலால திணிச்சு மூடுனாரு. பஸ் காசு கூட வாங்கல.

இப்ப சொல்றவங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு உண்மையிலயே தெரியல. கீழ் வீட்டு அக்கா. தாத்தா சொல்லிட்டுப் போனது, தெனம் சாயங்காலம் ஒரு கைப்பிடி சுள்ளி மட்டும் எரிக்கணும், ஈரம் முழுக்க வெளிய வர்ற வரைக்கும். நாங்க ரெண்டு பேரும் திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் சேலத்துல. அக்காவுக்கு அது காப்பிப் பழம் பறிக்கிற சீசன், காலைல எஸ்டேட்டுக்குப் போனா சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான் வருவாங்க, முதுகு ஒடஞ்சு போயிருக்கும். யாரும் அவங்ககிட்ட கேக்கவே இல்ல, அவங்களாதான் "நான் பாத்துக்கறேன் கண்ணு"ன்னாங்க. பதினாறு நாள். தெனம் ஆறு மணிக்கு வாட்ஸ்அப்ல ஒரு வாய்ஸ், "இன்னைக்கும் வேர்க்குது கண்ணு", அவ்ளோதான், ரெண்டு செகண்டு. நெருப்பு போட்டா அடுப்பு முதுகுல முத்து முத்தா தண்ணி கோத்து நிக்கும், அதத் தொட்டுப் பாத்துச் சொல்வாங்க. பேங்க்ல கவுண்ட்டர க்ளோஸ் பண்ணிட்டு அந்த வாய்ஸக் கேட்டுட்டுத்தான் நான் வண்டிய எடுப்பேன். பதினேழாம் நாள் வாய்ஸ் வரல, எனக்குப் பகீர்னுச்சு, நானே போன் பண்ணுனா "இன்னைக்கு வேர்க்கல கண்ணு, அதான் என்ன சொல்றதுன்னு தெரியல"ன்னாங்க. ரோட்டோரமா நின்னு அப்படிச் சிரிச்சேன்.

மாவு மாஸ்டர் அண்ணன் பொறுப்பு. செவ்வாய்ப்பேட்டை பக்கம் வெறகு அடுப்பு பேக்கரியில காலம் பூரா பன்னு போட்டவரு. அஞ்சு கிலோ மைதா, மூணு லிட்டர் தண்ணி, 125 கிராம் உப்பு, ஈஸ்ட் வெறும் 10 கிராம். இவ்ளோ கம்மியான்னு கேட்டேன், "ஃப்ரிட்ஜுல ஒரு நாள் தூங்கட்டும்மா, தூங்குனாத்தான் ருசி"ன்னாரு. 32 உருண்ட புடிச்சு டப்பால அடுக்கி கார்ல பின்னாடி அவரு மடி மேலயே வெச்சுக்கிட்டு வந்தாரு. மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுல பாதிதான் தாண்டிருப்போம், 'டப்'புனு ஒரு மூடி தெறிச்சு இவரு பொடனியில அடிச்சது. ஏற்காடு கிட்டத்தட்ட 1500 மீட்டர் ஒசரம், மேல போகப் போக காத்தழுத்தம் கொறையும், பசங்க வாங்குன சிப்ஸ் பாக்கெட் ஊதுன மாதிரியே மாவுல இருந்த காத்தும் ஊதிக்கிச்சு. வளைவுல அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஒருண்டதுல ஆறு உருண்ட ஒண்ணாச் சேந்து ஒரே கட்டியாப் போச்சு. அண்ணன் அதப் பாத்துட்டு "இது நாளைக்கு"ன்னு தனியா எடுத்து வெச்சாரு.

அன்னைக்கு மூணு மணிக்கு அடுப்பு பத்த வெச்சோம். வெட்டிப் போட்டுக் காஞ்ச காப்பிச் செடிக் கட்ட, நல்லா வைரம் பாஞ்சது, பொகையே கெடையாது, குடுத்தது பக்கத்து எஸ்டேட் மேஸ்திரி அண்ணன், அவருக்கும் நன்றி. எங்க அத்தை ஒரு கற்பூரம் கொளுத்தி வாசல்ல வெச்சாங்க. மொதல்ல உள்பக்கம் பூரா அட்டக் கரியாப் போச்சு, எனக்கு வயித்தக் கலக்குச்சு. அஞ்சு மணி வாக்குல உச்சியில ஒரு ரூபா அளவுக்கு வெள்ளையா ஒரு பொட்டு தெரிஞ்சது, அது அப்படியே விரிஞ்சு விரிஞ்சு கரியெல்லாம் எரிஞ்சு போயி மண்ணு பளிச்சுனு ஆயிருச்சு. மொதல்ல பாத்தது கீழ் வீட்டு அக்காதான். எஃகு ஆலையில வேல பாக்குற தம்பி ஒரு டெம்பரேச்சர் கன் கொண்டு வந்திருந்தான், கொரோனா டைம்ல நெத்தியில காட்டுனாங்களே அதே மாதிரி, காட்டுனா கல்லு 380 டிகிரி. இத்தாலி நேப்பிள்ஸ்ல இன்னும் சூடா வெச்சு ஒண்ணர நிமிசத்துக்குள்ள எடுத்துருவாங்களாம், 2017ல அந்தக் கைத்தெறமைய யுனெஸ்கோ லிஸ்ட்லயே சேத்துட்டாங்க. நமக்கு ரெண்டர நிமிசம் ஆச்சு, பரவால்ல.

மொத பீட்சா பலகையில ஒட்டிக்கிட்டு பாதி உள்ள பாதி வெளிய மடிஞ்சு, சீஸ் கல்லுல ஊத்தி ஒரே பொக. மொத தோச பிஞ்சுதான வரும். மாஸ்டர் அண்ணன் பதறவே இல்ல, ஈரச் சாக்கக் குச்சியில கட்டி கல்லத் தொடச்சிட்டு, பலகையில ரவையத் தூவி, ஒரு வெட்டு வெட்டி இழுத்தாரு பாருங்க, வழுக்கிட்டுப் போய் நடுவுல ஒக்காந்துச்சு. அப்பறம் 25ம் அப்படித்தான்.

இருபத்தஞ்சு பேருக்குச் சொல்லிருந்தோம், வந்தது முப்பத்தெட்டு. மாவு தீர்ந்துருமோன்னு நான் உள்ள போய் நின்னுக்கிட்டு இருந்தப்ப மானத்தக் காப்பாத்துனது எங்க சித்தி பொண்ணு. சேலத்துல இருந்து தட்டுவடை செட்டுக்கு எல்லாம் கட்டிக்கிட்டு வந்திருந்தா, கேரட்டு பீட்ரூட்டு துருவல், ரெண்டு சட்னி. அதுல ஒரு வாண்டு புதினா சட்னிய மாவுல தடவி மேல பீட்ரூட்டப் போட்டு "இதச் சுட்டுக் குடுங்க"ன்னு நின்னான். சிரிச்சுக்கிட்டேதான் சுட்டோம், மேல தோட்டத்துப் பச்ச மெளகு நாலு உதுத்துப் போட்டாரு மாஸ்டர். சத்தியமா சொல்றேன், நான் பாத்துப் பாத்துப் பண்ணுன தக்காளி சாஸ விட அதான் நல்லா இருந்துச்சு.

கீழ் வீட்டு அக்கா அன்னைக்கு ஒரு துண்டுதான் சாப்ட்டாங்க, "ரொட்டி மேல தக்காளித் தொக்கு, நல்லாத்தான் இருக்கு"ன்னாங்க. மறுநாள் காலைலயும் அடுப்பு கையச் சுட்டுச்சு. மாஸ்டர் அண்ணன் அந்த ஆறு உருண்டக் கட்டிய ரெண்டு ரொட்டியா தட்டி உள்ள வெச்சாரு, அக்கா பொங்கலுக்கு வாங்குன சக்கரவள்ளிக் கெழங்க அது பக்கத்துல அடுக்குனாங்க. இப்ப நாங்க ஊர்ல இல்லாத நாள்லயும் அவங்கதான் அடுப்பப் பத்த வெக்கிறாங்க. நேத்து வந்த வாய்ஸ், "கெழங்கு வெச்சிருக்கேன் கண்ணு, வர்றியா".

கடைசியா ஒண்ணு. நீல மூடி போட்ட பெரிய டப்பா ரெண்டு அன்னைக்கு யாரோ மிச்ச பீட்சா போட்டு எடுத்துட்டுப் போயிருக்கீங்க. அது எங்களுது இல்ல, மாஸ்டர் அண்ணனோடது. அவரு கேக்க மாட்டாரு, அதனால நான் கேக்குறேன், கழுவிக் கூட வேணாம், கொண்டு வந்து குடுத்துருங்க.